டாப்ஸ்லிப்பும் ஒரு டிபன் டப்பாவும்

வெள்ளி, ராத்திரி

நாளைக்கு வெள்ளன நாலரைக்கு வண்டி எடுக்கணும், மணி பத்தரை ஆச்சு, எங்க வீட்ல இன்னும் ஒருத்தரும் படுக்கல. அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டதுல இருந்து ஆனைமலைக் காட்டுல இருக்கற டாப்ஸ்லிப்புக்குப் போகணும்னு பசங்க ரெண்டும் உசுர வாங்கிட்டு இருந்துச்சுக, சரி போலாம்னு சொன்னா அதுல தம்பி ஒண்ண சேத்து விட்டுட்டான், சும்மா யானைய பாத்துட்டு வர்றதுக்கா அவ்ளோ தூரம், லெட்டர்பாக்ஸிங்கும் பண்ணிட்டு வந்துரலாம்க்கா அப்படின்னு. அதனால இப்ப டைனிங் டேபிள் பூரா ரப்பர் துருவல் கெடக்குது.

லெட்டர்பாக்ஸிங்கா, அது என்ன கருமம்னு கேக்கறவங்களுக்கு சொல்லிர்றேன். ஒருத்தர் ஒரு டப்பாவுக்குள்ள ஒரு நோட்டும் கையால செதுக்கின ஒரு ரப்பர் ஸ்டாம்பும் வெச்சு எங்கயாவது ஒளிச்சு வெப்பாரு, எங்க இருக்குதுன்னு விடுகதை மாதிரி ஒரு க்ளூ எழுதுவாரு. நாம தேடிப் போய் கண்டுபிடிச்சா நம்ம ஸ்டாம்ப அந்த நோட்டுல குத்தணும், அந்த ஸ்டாம்ப நம்ம நோட்டுல குத்திக்கணும், டப்பாவ இருந்த எடத்துலயே இருந்த மாதிரியே வெச்சுட்டு வந்தரணும். அவ்ளோதான். பரிசு கெடையாது, காசு கெடையாது. எங்க வீட்டுக்காரர் இதக் கேட்டுட்டு "அப்ப எதுக்கு?"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. அவரு வரல, வருசக் கடைசி ஷிப்மெண்ட்டு.

தம்பி ரெண்டு வருசம் இங்கிலாந்துல எக்சிட்டர் பக்கம் வேலைக்கு இருந்தான், அங்க பக்கத்துலயே டார்ட்மூர்னு பெரிய பொட்டல் மேடு, இந்த வெளையாட்டே அங்க பொறந்ததுதானாம். 1854ல ஜேம்ஸ் பெரட்னு ஒரு கைடு, கிரான்மியர் பூல்ங்கற எடத்துக்கு ஆளுகள நடத்தியே கூட்டிட்டுப் போவாராம், பேருதான் குளம், போனா வெறும் சேறு. அவ்ளோ தூரம் நடந்து வந்ததுக்கு ஒரு அடையாளம் வேணும்ல, அங்க ஒரு பாட்டில வெச்சு வந்தவங்க அவங்க விசிட்டிங் கார்ட அதுல போட்டுட்டுப் போங்கன்னு ஆரம்பிச்சு விட்டாரு. பொறவு ஆளுக போஸ்ட் கார்டு எழுதி வெச்சுட்டு வருவாங்களாம், அடுத்து வர்றவரு அத எடுத்துட்டுப் போய் தபால்ல சேக்கணும், அதுலதான் லெட்டர்பாக்ஸ்ங்கற பேரே. இப்ப டார்ட்மூர்ல ஆயிரக்கணக்குல பெட்டி இருக்குது, நூறு கண்டுபிடிச்சவங்களுக்கு தனியா ஒரு கிளப்பே இருக்குதாம், தம்பி அந்த நூறை எட்டல, அதுல அவனுக்கு இன்னும் கொற.

பெரியவ இருவாச்சிப் பறவை செதுக்கறா. சின்னவன் லாரி. நான் செதுக்கினது பனியன், திருப்பூர்க்காரிக்கு வேற என்ன வரும். ஸ்டேஷனரி கடையில விக்கற வெள்ள ரப்பர்தான், பெருசா இருக்கறத வாங்கிக்கணும். படத்த ட்ரேசிங் பேப்பர்ல நல்லா அழுத்தமா பென்சில்ல வரைஞ்சு, அப்படியே கவுத்தி ரப்பர் மேல வெச்சு நகத்தால தேச்சா படம் தானா திரும்பி எறங்கிரும், எழுத்து இருந்தாலும் கவலையில்ல, குத்தும்போது நேரா வரும். அப்பறம் கட்டர் பிளேடு. வெட்டும்போது கோட்டுக்கு வெளிப்பக்கம் பிளேடு சாஞ்சு போகணும், அடிப்பக்கம் அகலமா நிக்கணும், நேரா குழி தோண்டுனா ரெண்டு குத்துக்கே கோடு பிஞ்சு வந்துரும். இருவாச்சி மூக்கு மேல ஒரு கொண்டை இருக்குதுல்ல, அத மெல்லிசா நிறுத்தறதுக்குள்ள புள்ளைக்கு நாக்கு வெளிய வந்துருச்சு, ஆனா நின்னுருச்சு.

சின்னவன் தம்பிகிட்ட கேக்கறான், "ஏன் மாமா, கூகுள் மேப்ல லொக்கேஷன் அனுப்பிட்டா நேரா போயிரலாம்ல?" அதுக்கும் ஒரு வெளையாட்டு இருக்குதாமுங்க, ஜியோகேச்சிங், 2000 மே மாசத்துல அமெரிக்கா கவர்மெண்ட் ஜிபிஎஸ்ஸ எல்லாருக்கும் துல்லியமா தொறந்து விட்ட ஒடனே ஆரம்பிச்சது. தம்பிக்கு அது புடிக்கல. ஃபோனப் பாத்துட்டே நடக்கறதுக்கு வீட்லயே இருந்துக்கலாம்ங்கறான். இந்த ஒரு விசயத்துல நான் அவன் கட்சி.

நாளைக்கான க்ளூவ இப்பத்தான் கவர்ல போட்டுக் குடுத்தான், போன வாரமே அக்கட்ட போய் ஒளிச்சு வெச்சுட்டு வந்துட்டானாம், எங்கிட்டகூட மூச்சு விடல.

மரம் வழுக்கின மலைக்குப் போ,
மரம் வளத்தவன் படுத்திருக்கற எடத்தப் பாரு.
அவன் போன வருசத்துல கடைசி ரெண்டு எண்ணையும் கூட்டு.
எறங்கி வந்து கெணத்து மேட்டுல நில்லு,
அத்தன தென்னை எண்ணி மேக்க நட.
வெட்டினாலும் சாகாதவன் காலடியில குச்சி வை.

வழுக்கின மலை டாப்ஸ்லிப்னு பெரியவ சட்டுனு சொல்லிட்டா. கெணத்து மேடுன்னா அது எங்க மாமன் தோப்பு, சேத்துமடை போற வழியில இருக்குது. மிச்சம் நாளைக்கு.

சனி, மத்தியானம், டாப்ஸ்லிப்

டவர் ஒழுங்கா கெடைக்கல, நோட்ல எழுதி வெச்சு பொறவு ஏத்தறேன்.

நாலரைன்னு சொல்லி அஞ்சுக்கு கெளம்பினோம். பல்லடம், காமநாயக்கன்பாளையம், நெகமம்னு இருட்டுலயே வந்துட்டோம், ரெண்டு பக்கமும் காத்தாடி செவப்பு லைட்டு மட்டும் மினுக் மினுக்னு. நெகமத்துல சேலக்கட ஒண்ணும் தொறக்காத நேரம், நல்லவேள. பொள்ளாச்சி வந்தா விடிஞ்சுருச்சு, எளநி லோடு லாரி வரிசையா நிக்குது, சின்னவன் அவனோட ஸ்டாம்புல இருக்கற லாரிக்கு எத்தன வீல்னு இங்க வெச்சுத்தான் முடிவு பண்ணினான்.

ஆனைமலையில வண்டிய நிறுத்தி மாசாணியம்மனுக்கு வெளிய இருந்தே ஒரு கும்புடு. உள்ள போனா லேட்டாகிரும், சனிக்கெழம கூட்டம். படுத்திருக்கற அம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசற ஊர்ல, வெளிய நின்னாலே மூக்குக்கு ஒரு காரம் வர்ற மாதிரி இருக்கும் எனக்கு, மனசுதான்.

சேத்துமடை செக்போஸ்ட்டுல வண்டிய எறங்க வெச்சு பை பையா பாத்தாங்க, பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாம் அங்கயே வெச்சுட்டுப் போகணும். எங்க பையில இருந்த ஸ்டாம்ப் பேடையும் ரப்பரையும் பாத்துட்டு அந்தண்ணன் "என்னம்மா இது, ஆபீஸ் எடுத்துட்டு வந்திருக்கீங்க"ன்னாரு. தம்பி வெவரமா சொல்லப் போயிட்டான். அவரு பொறுமையா பூராத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு, "உள்ள எதாச்சும் வெச்சுட்டு வருவீங்களா?"

இல்லீங்கண்ணா, ஒண்ணும் வெக்க மாட்டோம், அதுதான் மொத ரூலே.

இத சித்த விரிவா சொல்லணும். நேத்தே தம்பி பசங்கள உக்கார வெச்சு சொன்னான், நேஷனல் பார்க் எல்லைக்குள்ள பெட்டி கெடையவே கெடையாதுன்னு. டார்ட்மூரும் நேஷனல் பார்க்தான், 1951லயே ஆனது, அங்க மட்டும் வெக்கறாங்களேன்னு பெரியவ மடக்கினா. அங்க ஆளுக குடியிருக்கறாங்க, ஆடு மாடு மேயுது, யானையும் கெடையாது புலியும் கெடையாது. அங்கயே கட்டுப்பாடு ஜாஸ்தி, பழைய காலத்து கல்லு வரிசை, கல்லறை, சுவரு, இடிஞ்ச குடிசை எதுலயும் வெக்கக் கூடாது, சிமெண்ட் போட்டு ஒட்டக் கூடாது. அமெரிக்காவுல நேஷனல் பார்க்குள்ள அனுமதியில்லாம எதையும் போட்டுட்டு வரக்கூடாது. நம்மூர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துப்படி உள்ள இருந்து அனுமதியில்லாம ஒண்ணையும் எடுத்துட்டு வரமுடியாது. சட்டத்த விடுங்க, ஒரு டப்பா கெடந்தா கொரங்கு விடுமா? தொறந்து நோட்டக் கிழிச்சு ரப்பரக் கடிச்சுப் பாத்துரும். பன்னி மோந்து பாக்கும். யானை சாணியில பிளாஸ்டிக் கெடக்கற போட்டோவ நாம பாக்காததா. அதனால தம்பி கண்டுபிடிச்ச வழி, எண்ணு மட்டும் காட்டுக்குள்ள, டப்பா காட்டுக்கு வெளிய சொந்தக்காரங்க எடத்துல. உள்ள இருந்து நாம எடுத்துட்டு வர்றது ஒரே ஒரு நம்பர். அந்த செக்போஸ்ட் அண்ணனுக்கு இது ரொம்பப் புடிச்சுப் போச்சு, "நம்பர எடுத்துட்டுப் போறதுக்கு ரசீது கெடையாது, போங்க"ன்னாரு.

மேல ஏறி வந்தா நல்ல குளிரு, பனி மூட்டம் புல்லு மேல அப்படியே உக்காந்திருக்குது, அதுக்குள்ள புள்ளிமான் கூட்டம். ரிசப்ஷன்ல சஃபாரிக்கு பேரு குடுத்துட்டு காத்துட்டு இருக்கும்போது தம்பி சும்மா இருக்காம "சார், டாப்ஸ்லிப்னு போட்ட ஸ்டாம்ப் எதாச்சும் இருக்குமா, நோட்டுல குத்திக்க"ன்னு கேட்டான். அவரு மேஜைல இருந்த ஆபீஸ் ரவுண்டு சீலக் காட்டி "இதக் குத்தினா எனக்கு மெமோ வரும்"னு சிரிச்சாரு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அமெரிக்காவுல 1986ல இருந்து நேஷனல் பார்க் பாஸ்போர்ட்னு ஒரு சின்ன நோட்டு விக்கறாங்க, எந்தப் பார்க்குக்குப் போனாலும் அந்த ஊரு பேரும் தேதியும் போட்ட முத்திரை நாமளே குத்திக்கலாம். ஜப்பான்ல ரயில்வே ஸ்டேஷன்ல எல்லாம் ஸ்டாம்ப் வெச்சிருக்காங்க. நம்ம டாப்ஸ்லிப்ல ஒரு மர முத்திரை, சிங்கவால் கொரங்கு படம் போட்டு, ஒரு பேடோட ரிசப்ஷன்ல வெச்சா எத்தன குழந்தைக சந்தோசப்படும், செலவு என்ன வந்துரப் போகுது. யாராச்சும் அதிகாரிங்க இதப் படிச்சா மனசு வெக்கணும்.

சஃபாரி வேன்ல எங்களுக்கு முன்னாடி சீட்ல ஒரு கூட்டம், ஏறினதுல இருந்து "புலி வருமா, புலி வருமா"ன்னு டிரைவரப் போட்டு அரிச்சாங்க. காட்டெருமை ரோட்டோரமா நின்னு எங்களப் பாத்துச்சு, கால்ல வெள்ள சாக்ஸ் போட்ட மாதிரி இருக்குமே அது, அவ்ளோ பெரிய உருவம், அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா, "அட எருமைதானப்பா"ன்னுட்டாங்க. கருமந்திக் கொரங்கு ரெண்டு, ஒரு மலை அணில் மரத்துக்கு மரம் தாவினது, அதோட வாலு மட்டும் ஒரு முழம் இருக்கும். புலி வரல. எதுக்கு வரணும், அதுக்கு வேற வேலை இல்லியா.

எறங்கினதும் ஒரு கைடு அண்ணன்கூட நடந்தோம். மலசர் வீட்டு ஆளு, பேசறது கம்மி, கை காட்டறதுதான் ஜாஸ்தி. இந்த மலையில காடர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர், முதுவர்னு ஆறு பழங்குடி இருக்காங்க, அவங்க வழி காட்டாம எந்த தொரையும் இங்க ஒரு மரத்தக்கூடப் பாத்திருக்க முடியாது. தேக்குக்காக வெள்ளக்காரன் வந்தான், பம்பாய்ல கப்பல் கட்டற தொறைக்கு மரம் வேணும், யானைய வெச்சு இழுத்துட்டு வந்து மலை உச்சியில இருந்து சரிவுல உருட்டி விட்டா கீழ சமவெளிக்கு வந்துரும், அந்த வழுக்கி விட்ட எடம்தான் டாப்ஸ்லிப். அப்பறம் ரயிலுக்கு வேற வெட்டினாங்க. வெட்டி வெட்டி மலை மொட்டையாகிப் போச்சு.

அப்பத்தான் ஹ்யூகோ வுட்னு ஒரு வன அதிகாரி 1910கள்ல இங்க வந்தாரு. மரத்த வேரோட புடுங்காத, தரைக்கு ஒட்டி வெட்டு, அடிக்கட்டைய அப்படியே வுடு, அதுல இருந்து தழையும்னு சொன்னவரு. பையில தேக்கு வெதய நெறச்சுக்கிட்டு கைத்தடியால குழி போட்டுக் குழி போட்டு வெதச்சுட்டே நடப்பாராம்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. 1933ல குன்னூர்ல செத்துப் போனாரு, என்னைய டாப்ஸ்லிப்லயே பொதைங்கன்னு எழுதி வெச்சிருந்தாரு, மவுண்ட் ஸ்டூவர்ட் பங்களா பக்கத்துல கல்லறை. கல்லுல லத்தீன்ல ஒரு வரி, என் நினைவுச் சின்னம் வேணும்னா உன்னச் சுத்திப் பாருன்னு.

பசங்க சுத்திப் பாத்துச்சுக. நெசமாவே தேக்குதான். நேரா நேரா நிக்குது, பழுத்த எலை தட்டு தட்டா கீழ விழுந்து கெடக்குது, மேல கால் வெச்சா அப்பளம் நொறுங்கற சத்தம். ஒரு எலைய சின்னவன் மூஞ்சி மேல வெச்சுப் பாத்தான், மூஞ்சி மறஞ்சு கழுத்து வரைக்கும் வந்துச்சு, அப்பறம் எடுத்த எடத்துலயே வெச்சுட்டான், அத அவனா வெச்சான், நான் சொல்லல.

"1933, கடைசி ரெண்டு மூணு மூணு, ஆறு!" பெரியவ கத்தினதுல எங்கயோ ஒரு மயிலு பதில் சொல்லுச்சு. கைடு அண்ணன் வாய்ல வெரல் வெச்சாரு.

எனக்கு இங்க ஒண்ணு தோணுச்சு, சொன்னா சில பேருக்குப் புடிக்காது. வுட் பண்ணினது பெரிய வேலை, அத மறுக்கல. ஆனா தேக்கு வரிசைக்குள்ள நடக்கும்போது ஒரு தோட்டத்துக்குள்ள நடக்கற மாதிரிதான் இருக்குது, எல்லாம் ஒரே சாதி மரம், கீழ உண்ணிச்செடி மண்டிக் கெடக்குது. அதத் தாண்டி கரியன்சோலை ஓரத்துக்கு வந்ததும் பாருங்க, வெளிச்சமே வேற, பச்சையில பத்து பச்சை, கொடி, பாசி, என்னமோ ஒரு ஈர வாசம். 1989ல நேஷனல் பார்க்னு அறிவிச்சப்ப கரியன்சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி இதையெல்லாந்தான் எல்லைக்குள்ள சேத்தாங்க. யாரும் நடாம வந்தது இது. கைடு அண்ணன் திடீர்னு நின்னு மேல காட்டினாரு, மொதல்ல சத்தந்தான் கேட்டுச்சு, புசு புசுன்னு ரயில் எஞ்சின் மூச்சு விடற மாதிரி றெக்க சத்தம், அப்பறம் ரெண்டு இருவாச்சி எங்க தலைக்கு மேல கடந்து போச்சு. பெரியவ அவளோட ஸ்டாம்ப பையில இருந்து எடுத்துப் பாத்துட்டு "கொண்டை சரியாத்தான் வெச்சிருக்கேன்"னா. அதுக்கு மேல அவளுக்கு இன்னிக்கு ஒண்ணும் தேவையில்ல.

கோழிகமுத்தி முகாமுக்கு போய் யானைக்கு சோறு போடறதையும் பாத்தோம். ராகி, கொள்ளு, வெல்லம், உப்பு போட்டுப் பெசஞ்சு உருட்டின களி, செங்கல்லு அளவுக்கு, பாகன் வாய்க்குள்ளயே வெக்கறாரு. சின்னவன் கலீமப் பத்திக் கேட்டான், பேப்பர்ல படிச்சிருக்கான். கலீம் 2023ல ரிட்டையர் ஆன கும்கி, எத்தனையோ காட்டு யானை ஆபரேஷனுக்குப் போனது, ஓய்வு குடுத்த அன்னிக்கு வனத்துறையே வரிசையா நின்னு சல்யூட் அடிச்சாங்க. "யானைக்கு பென்ஷன் உண்டா?"ன்னான். உண்டாம், சாப்பாடும் வைத்தியமும் கடைசி வரைக்கும் கவர்மெண்ட்டு.

கட்டிட்டுப் போன புளிசோறு, வாழயிலப் பொட்டலம். சாப்ட எலையையும் மடிச்சு பையிலயே போட்டுட்டோம்.

சனி, ராத்திரி, மாமன் தோப்பு

எறங்கி வரும்போது மூணரை ஆச்சு. சேத்துமடை தாண்டினதும் வெக்க ஒரு போர்வ மாதிரி வந்து போத்திக்கும், ஸ்வெட்டரக் கழட்டினோம். இந்தப் பக்கத்துலதான் சர்க்கார்பதி பவர்ஹவுஸ், பரம்பிக்குளம் தண்ணி மலையக் கொடஞ்சு வந்து கரண்டு எடுத்துட்டு அப்பறம் காண்டூர் கால்வாய்ல விழுந்து மலை ஓரமாவே 49 கிலோமீட்டர் சுத்தி திருமூர்த்தி டேமுக்குப் போகுது. இந்த பிஏபி தண்ணி, அதான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத் தண்ணி, இல்லீன்னா இந்தத் தென்னை ஒண்ணும் இல்ல.

மாமன் சாளை வாசல்ல கட்டில்ல உக்காந்திருந்தாரு. "வாங்க வாங்க, என்ன கண்ணு, மூஞ்சியெல்லாம் கறுத்துப் போச்சு"ன்னாரு என்னையப் பாத்து, எப்பப் பாத்தாலும் அதேதான். அத்தை தண்ணி சொம்போட வந்து பசங்களப் புடிச்சுக்கிட்டாங்க. உக்காரச் சொல்லி சொல்லி முடிக்கல, ரெண்டும் கெணத்து மேட்டுக்கு ஓடிருச்சுக.

ஆறு தென்னை மேக்க. எண்ணிப் போய் நின்னா முன்னாடி வேலி, வேலியோரமா வாழக்கூட்டம் ஒண்ணு. "வெட்டினாலும் சாகாதவன், வாழைதான்!"னு சின்னவன் பாஞ்சான். நியாயந்தான, கொலை வெட்டினா பக்கக் கன்னு வருது. குச்சிய வெச்சு வாழ அடிய சுத்திச் சுத்தித் தட்டினான், ஒரு தவள குதிச்சு ஓடுச்சு, டப்பா இல்ல. பெரியவ முருங்கைன்னா, அதுவும் வெட்டினா தழையும்ல. முருங்கை அடியிலயும் இல்ல. மாமன் பொறத்தால வந்து நின்னு மீசைக்குள்ளயே சிரிச்சுட்டு இருக்காரு, அவருக்கு எடம் தெரியும், தம்பி அவருகிட்ட சத்தியம் வாங்கி வெச்சிருக்கான். "அம்மிணி, காலைல யாரப் பாத்துட்டு வந்தீங்க?"ன்னு மட்டும் கேட்டாரு.

அப்பறந்தான் அவளுக்குப் பொறி தட்டுச்சு. வேலியோரம் மாமன் எப்பவோ நட்ட தேக்கு வரிசை, அதுல ஒண்ண ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கதவு செய்யறதுக்கு வெட்டினாங்க. அடிக்கட்ட முழங்கால் ஒசரத்துக்குக்கூட இல்ல, அதச் சுத்தி நாலஞ்சு தழைவு மனுசன் ஒசரம் தாண்டி நிக்குது. மலை மேல கைடு சொன்னப்ப எனக்கே பாதிதான் புரிஞ்சுது, இங்க கட்டையத் தொட்டுப் பாத்தா தெளிவா தெரியுது, வெட்டுன முகம் காஞ்சு வெடிச்சுக் கெடக்குது, ஆனா ஓரத்துல பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருந்து தழைவு பிச்சுக்கிட்டு வந்திருக்குது, பழைய வேரு பூரா இதுக்குன்னே வேல செய்யறதால புதுக் கன்ன விட கட கடன்னு ஏறிருது. தம்பி மொதல்ல குச்சிய விட்டுத் தட்டச் சொன்னான், அது முக்கியம், எந்தப் பொந்துலயும் கைய விடக் கூடாது, சருகுக்குள்ள என்ன படுத்திருக்குதுன்னு யாருக்குத் தெரியும். டங்குன்னு சத்தம். ரெண்டு கல்லுக்கு நடுவுல சருகு போட்டு மூடின டப்பா.

டப்பான்னா நாலு பக்கமும் கிளிப் போட்டு அமுக்கற டிபன் டப்பா. மேல மார்க்கர்ல எழுதியிருக்குது, "இது வெளையாட்டுப் பெட்டி, உள்ள நோட்டும் முத்திரையும் மட்டுந்தான், பாத்துட்டு இங்கயே வெச்சுருங்க". இது எழுதலீன்னா நம்மூர்ல போலீசுக்கு ஃபோன் போயிரும். உள்ள ரெண்டு ஜிப்லாக் கவர், ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அதுக்குள்ள நோட்டு, கூடவே எங்க வீட்டுக்காரர் கம்பெனில கார்ட்டனுக்குள்ள போடற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, ஈரம் இழுக்கறதுக்கு. எதுக்குன்னு கேட்டவரு அவருக்கே தெரியாம இதுல சேந்துட்டாரு.

ஸ்டாம்பு தம்பி செதுக்கினது, ஒரு அடிக்கட்டையும் அதுல ரெண்டு எலையும். பேடு எங்கிட்ட இருந்துச்சு, எடுக்கப் போனா மாமன் "அத விடு கண்ணு"ன்னுட்டு தழைவு நுனியில இருந்து கொழுந்து எலைய ஒண்ணு கிள்ளி உள்ளங்கையில வெச்சுக் கசக்கினாரு. செவ செவன்னு சாறு. மருதாணி கெட்டுது, அப்படி ஒரு செவப்பு. நாங்க சின்னதுல இதத்தான் கையில தேச்சுக்கிட்டு ரத்தம்னு சொல்லி ஆத்தாவ பயப்படுத்துவோம். அத ரப்பர் மேல தடவி, வாயால ஒருதரம் ஊதி ஈரம் பண்ணி, பெரியவ நோட்டுல அமுக்கிப் புடிச்சு எடுத்தா, தேக்குச் சாத்துல தேக்குக் கட்ட. கோடு அங்கங்க தெளிவில்ல, ஒரு எலை பாதிதான் விழுந்துச்சு, அவ திரும்பக் குத்த மாட்டேன்னுட்டா, இதுவே நல்லாருக்குதாம். இத எழுதற நேரத்துல செவப்பு மாறி காவி கலருக்கு வந்துருச்சு, நாளைக்கு இன்னும் கறுக்கும்னாரு மாமன்.

டப்பா நோட்டுல எங்க ஸ்டாம்பு மூணும் குத்தினோம், பனியன், லாரி, இருவாச்சி. மாமனையும் எதாச்சும் எழுதுங்கன்னு நோட்ட நீட்டினா ரொம்ப நேரம் பேனாவப் புடிச்சு யோசிச்சுட்டு எழுதினாரு: "வெள்ளை ஈ ஜாஸ்தி. காய் ரேட்டு பரவால்ல." அவரு சொல்றதும் சரிதான், இந்த வெள்ளை ஈ இந்தியாவுலயே மொதல்ல 2016ல நம்ம பொள்ளாச்சி பக்கந்தான் தெரிஞ்சுது, ஓலைக்கு அடியில உக்காந்து சாறக் குடிச்சுட்டு தேன் மாதிரி ஒண்ணு விடுது, அது கீழ் ஓலை மேல விழுந்து கரி பூசினாப்ல பூசணம் புடிக்குது. மாமன் ஒரு ஓலையத் தொட்டுட்டு வெரலக் காட்டினாரு, கன்னங்கரேல்னு. சின்னவன் அந்த வெரல நோட்டுல அழுத்தச் சொல்லி கைரேகையா வாங்கிட்டான். இப்ப அந்தப் பக்கத்துல மாமன் ஸ்டாம்பும் இருக்குது.

அத்தை அரிசிம்பருப்பு சோறு பண்ணியிருந்தாங்க, மேல நெய்யும், தொட்டுக்கத் தேங்கா சில்லும். இதப் பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னொரு பக்கம் ஆகும். திரும்பும்போது மணி ஒம்போது, பசங்க பல்லடம் வர்றதுக்குள்ள தூங்கிருச்சுக.

ஞாயிறு, பொழுதோட

நேத்து எழுதினதப் படிச்சுட்டு நெறைய பேரு நாங்களும் தேடி வரலாமான்னு கேட்டிருக்கீங்க. வரலாம், ஆனா அது தனியாரு தோப்பு, மாமனுக்கு சொல்லாம வரக்கூடாது, நாயி ரெண்டு இருக்குது. எங்கிட்ட கேளுங்க, வழி சொல்றேன். எடத்த போட்டோ எடுத்துப் போடாதீங்க, அடுத்தவங்களுக்கு தேட ஒண்ணும் இருக்காது. சொந்தமா வெக்க நெனைக்கறவங்க தயவு செஞ்சு காட்டுக்குள்ள வேண்டாம், கோயிலுக்குள்ள, பழைய நடுகல்லுப் பக்கத்துல, வாய்க்கா மதகுல வேண்டாம், தெரிஞ்சவங்க தோட்டமோ கடையோ போதும். திங்கற சாமான் ஒண்ணும் உள்ள வெக்காதீங்க, எறும்பு வந்துரும்.

பெரியவ அடுத்த ஸ்டாம்புக்கு சிங்கவால் கொரங்கு வரைய ஆரம்பிச்சுட்டா, பிடரி மயிர ரப்பர்ல எப்படி நிறுத்தறதுன்னு தம்பியும் அவளும் மத்தியானத்துல இருந்து ஓரியாட்டம். பெட்டிய திருமூர்த்தி மலை பக்கம் எங்க சின்னம்மா வீட்டுப் பொடக்காளியில வெக்கலாம்னு பேச்சு.

இதுக்கு நடுவுல மாமன் ஃபோன் பண்ணினாரு. "சாமி, மானம் மூடிட்டு வருது, மழை கொட்டினா அந்த டப்பாவுல தண்ணி போயிரும்னு எடுத்து மோட்டார் ரூம்ல அலமாரில பத்திரமா வெச்சுப் பூட்டிட்டேன், கவலப்படாதீங்க"ன்னாரு. தம்பி தலையில கைய வெச்சு உக்காந்துட்டான். பூட்டுச் சாவிக்கு எப்படி க்ளூ எழுதறது?